இரண்டு துளைகள் மட்டும் உள்ள மடிக்கணினி: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 67 வயது. பள்ளத்தூரில் எங்கள் பங்காளிகள் ஆறு குடும்பத்துக்கும் பொதுவான வீட்டின் வரவு செலவுக் கணக்கை 2004 முதல் நான்தான் எழுதி வருகிறேன். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த என் மடிக்கணினி சென்ற மாதம் அடியோடு நின்றுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் புதிதாக ஒன்றை வாங்கி வந்து, தன் மின்னஞ்சலையே போட்டு இயக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் நீள்வட்டமாக இரண்டு துளைகளும், ஹெட்போனுக்கு ஒரு துளையும் தவிர வேறெதுவும் இல்லை. கணக்கும் கல்யாணப் படங்களும் உள்ள 43 குறுந்தகடுகளையும் 12 டிவிடிகளையும் போட இடமில்லை. பென் டிரைவ் நுழையவில்லை, கேமரா கார்டு நுழையவில்லை. மோடம் முகப்பில் இருக்கிறது. நான் கணக்கு எழுதும் இரண்டாங்கட்டு அறைக்கு வைஃபை எட்டாது என்பதால் பழைய மடிக்கணினியில் லேன் கேபிள் செருகியிருந்தேன், அதற்கும் இதில் வழியில்லை. முன்னோரை வணங்கும் படைப்புக்கு எல்லோரும் கூடும்போது பழைய படங்களைத் திரையில் காட்ட நினைத்தேன், புரொஜெக்டர் கேபிள் சேரவில்லை. சார்ஜரின் பிளக்கே நம் சுவரில் நுழையவில்லை. மகனை ஏமாற்றிவிட்டார்களா? இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாம் உள்ள பழைய மாதிரி ஒன்றை வாங்கலாமா? நின்றுபோன மடிக்கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்:

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பழைய மடிக்கணினியை யாரிடமும் போட்டுவிடாதீர்கள். புதியதில் இல்லாத பொருள்களில் இரண்டு அதற்குள்தான் இருக்கின்றன. அதைக் கீழே விளக்குகிறேன்.

உங்கள் மகனை யாரும் ஏமாற்றவில்லை. காரைக்குடியில் இருபது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் நான், இன்று கடையில் புதிதாகத் திறக்கும் மெல்லிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் விவரித்திருக்கும் கோலத்தில்தான் பார்க்கிறேன். இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் ஏரை ஓர் அலுவலக உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டியபோது, அதில் குறுந்தகட்டு டிரைவும் லேன் துளையும் இல்லை, யூ.எஸ்.பி. துளையும் ஒன்றே ஒன்றுதான். 2012-இல் அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த மேக்புக் புரோவிலிருந்தும் அவை இரண்டும் போயின. 2016-இல் அகலமான பழைய யூ.எஸ்.பி., திரைக்குப் படம் அனுப்பும் எச்.டி.எம்.ஐ., கேமரா கார்டுத் துளை ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டு, ஹெட்போன் துளையைத் தவிர நீள்வட்டமான டைப்-சி துளைகளை மட்டும் வைத்தார்கள். மற்ற நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் சென்றன. ஆனால் 2021-இல் ஆப்பிளே தன் புதிய மேக்புக் புரோவில் எச்.டி.எம்.ஐ. துளையையும் கார்டுத் துளையையும் திரும்பக் கொண்டுவந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நீக்கப்பட்டவை எல்லாம் யாருக்கும் வேண்டாதவை என்ற வாதம் சரியில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே உங்கள் மனக்குறை நியாயமானது. வயதானவர்களுக்குப் புதுமை புரியவில்லை என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

நீக்கப்பட்டதற்கு முதற்காரணம் தடிமன். மடிக்கணினிக்கான டிவிடி டிரைவ் 12.7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது, பின்னால் வந்த மெல்லியது 9.5 மில்லிமீட்டர். இன்றைய மெல்லிய மடிக்கணினியோ மூடிய நிலையிலேயே 15 முதல் 18 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த அளவுக்குள் திரை, விசைப்பலகை, மின்கலம் எல்லாம் அடங்கியாக வேண்டும். உங்களுடையதில் உள்ள நீள்வட்டமான டைப்-சி துளை 2014-இல் வரையறுக்கப்பட்டது. சுமார் 8.4 மில்லிமீட்டர் அகலமும் 2.6 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அந்தச் சிறிய வாய் வழியாகவே மின்சாரம், கோப்பு, படம், ஒலி, இணையம் எல்லாம் செல்ல முடியும். துளைகள் குறைந்துவிட்டனவே தவிர, அவை செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்து ஒட்டவைக்க வழி உண்டு.

இனி உங்கள் வேலைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் அவசரமானது குறுந்தகடுகள்தான். 2004 முதல் நீங்கள் பதிந்து வைத்தவை என்றால், மிகப் பழையவற்றுக்கு இருபது வயது கடந்துவிட்டது. வீட்டில் எழுதும் தகடுகளில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் பதிகிறது. நம் ஊர் வெயிலும் ஈரமும் அந்தப் படலத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். சிடியில் அந்தப் படலம் பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே அடிப்பக்கம் பளபளவென்று இருந்தாலும், மேற்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தால் அந்த இடம் படிக்காமல் போகலாம். டிவிடியில் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அது சற்றுப் பாதுகாப்பானது. எனவே சிடிகளை முதலில் நகலெடுங்கள், அவற்றிலும் மிகப் பழைய ஆண்டை முதலில் எடுங்கள். தூசி இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழுந்து, தொடர்ச்சியாக ஒரு பகுதியையே அழித்துவிடும்.

இதற்கு டிரைவ் வேண்டுமே என்றால், இங்கேதான் உங்கள் பழைய மடிக்கணினி பயன்படுகிறது. அதன் பக்கவாட்டில் உள்ள டிவிடி டிரைவைப் பெரும்பாலும் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் அப்படியே இழுத்துவிடலாம். அதைப் பொருத்தி யூ.எஸ்.பி. வழியாக இணைப்பதற்கென்று ஒரு மெல்லிய கூடு கிடைக்கிறது, அதன் விலை சில நூறு ரூபாய்தான். உங்கள் டிரைவ் 12.7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்று அளந்துவிட்டுக் கூட்டை வாங்க வேண்டும். அதேபோல அதன் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி வேறொரு கூட்டில் போட்டால், கணினி நின்ற நாள்வரை நீங்கள் எழுதிய கணக்கு கைக்கு வந்துவிடும். ஒரு மடிக்கணினி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகை அல்லது மின்சாரம் வரும் பகுதி. அத்தகைய நேரங்களில் ஹார்ட் டிஸ்க் நலமாகவே இருப்பதைத்தான் நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன்.

டிரைவ் பழுதாகியிருந்தால் புதிதாக வெளிப்புற டிவிடி டிரைவ் ஒன்று வாங்கலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தகடு சுழலத் தொடங்கும்போது அது நிறைய மின்சாரம் கேட்கும். பழைய யூ.எஸ்.பி. 2 வரையறையில் ஒரு துளை 500 மில்லியாம்பியர்தான் தரும், யூ.எஸ்.பி. 3-இல் 900. ஒரு துளையைப் பல துளைகளாக்கித் தரும் ஹப் என்ற சிறு பெட்டியில் எல்லாவற்றையும் செருகி, அதிலேயே டிரைவையும் செருகினால் மின்சாரம் போதாமல் ‘டிக் டிக்’ என்ற ஒலியோடு தகடு நின்று நின்று சுழலும். பலர் அதைக் கேட்டுத் தகடு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். ஆகவே டிரைவை மட்டும் தனியாக, மடிக்கணினியின் துளையிலேயே நேராக இணையுங்கள்; அதன் முனை பழைய அகல யூ.எஸ்.பி.யாக இருந்தால், கீழே சொல்லும் சிறிய மாற்றியை மட்டும் நடுவில் வையுங்கள்.

நகலெடுப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. பாட்டு சிடியைத் திறந்து அதில் தெரியும் கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் 44 பைட் அளவே இருக்கும், பாட்டு வந்திருக்காது. அதை இசைக் கோப்பாக மாற்றித்தான் எடுக்க வேண்டும். கல்யாண டிவிடியிலோ படம் ஏறத்தாழ ஒரு ஜிபி அளவிலான பல துண்டுகளாக ஒரு கோப்புறைக்குள் இருக்கும். ஒன்றிரண்டு துண்டை மட்டும் எடுக்காமல் கோப்புறை முழுவதையும் எடுங்கள். விண்டோஸில் 2012-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி உள்ளமைவாக வருவதில்லை, அதற்கு விலையில்லாத வி.எல்.சி. போதும். 43 சிடிகளும் நிரம்பியிருந்தாலும் 30 ஜிபி, 12 டிவிடிகளும் சேர்ந்து 56 ஜிபி, ஆக மொத்தம் 90 ஜிபிக்குள் உங்கள் இருபதாண்டு அடங்கிவிடும். அதை இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு, ஒன்றைப் பள்ளத்தூரிலும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள பங்காளி ஒருவர் வீட்டிலும் வையுங்கள்.

பென் டிரைவும் கேமரா கார்டும் எளிதில் தீர்ந்துவிடும். கணக்கு எழுதும் மேசையில் நிலையாக வைப்பதற்கு ஒரு டைப்-சி ஹப் வாங்குங்கள். பழைய அகல யூ.எஸ்.பி. மூன்று, லேன், எச்.டி.எம்.ஐ., கார்டுத் துளை, சார்ஜர் செருகும் துளை ஆகியவை அதில் இருக்கட்டும். வெளியூர் செல்லும்போது அதைத் தூக்கிக்கொண்டு போகாமல், டைப்-சியை அகல யூ.எஸ்.பி.யாக மாற்றும் கட்டைவிரல் அளவுள்ள ஒரு மாற்றியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு வந்த டைப்-சி கேபிளை எடுத்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வேண்டாம். முனை ஒரே மாதிரி இருந்தாலும், அவற்றில் பல பழைய 480 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது, படத்தைக் கடத்தவே செய்யாது.

இணையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மடிக்கணினி செய்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் வீடு வேறு, நம் வீடு வேறு. முகப்பில் மோடம் இருக்க, பட்டாலையையும் முற்றத்தோடு கூடிய வளவையும் கடந்து இரண்டாங்கட்டுக்கு வைஃபை வந்து சேர வேண்டுமானால், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர்கள் நாலைந்தை அது துளைத்தாக வேண்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே ஓய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தொலைவு வந்து தளரும். முகப்பில் மாட்டியிருக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்னால் உள்ள உலோகப் பூச்சும் அலையைத் திருப்பி அனுப்பும் என்பது பலருக்குத் தெரியாது. லேன் துளை இல்லாத மடிக்கணினி அடுக்குமாடி வீட்டில் ஒரு குறையே ஆகாது. செட்டிநாட்டு வீட்டில் அது பெரிய குறைதான்.

உங்கள் பழைய லேன் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். ஒரே கேபிள் 100 மீட்டர் வரை ஓடலாம், ஆகவே ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டுக்கும் அது போதும். அதன் இரண்டாங்கட்டு முனையில் ஒரு சிறிய ஆக்சஸ் பாயிண்ட்டைப் பொருத்தச் சொல்லுவேன். அப்போது மடிக்கணினிக்கு அந்த அறையிலேயே வைஃபை கிடைக்கும், கைப்பேசிக்கும் கிடைக்கும், லேன் துளையே தேவைப்படாது. கேபிளை நேராகவே செருக விரும்பினால் ஹப்பில் உள்ள லேன் துளை கிகாபிட் வேகமுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவரில் துளையிட யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தப் பூச்சை மீண்டும் அதேபோல் செய்யும் கைகள் இன்று குறைவு. வளவைச் சுற்றிய தாழ்வாரத்தின் மர உத்தரங்களை ஒட்டி, மழை படாத பக்கமாகக் கொண்டுபோகலாம். திறந்த வெளியில் தொங்கவிட்டால் இடி மின்னலின்போது மோடத்தையும் கணினியையும் சேர்த்துப் பறிகொடுக்க நேரும்.

புரொஜெக்டருக்கு வருவோம். உங்களிடம் இருப்பது பதினைந்து ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. கேபிள் என்று நினைக்கிறேன். 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த அந்த இணைப்பு நம் கல்யாண மண்டபங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. டைப்-சியிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சிறிய கருவி ஒன்று வாங்கினால் போதும், ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். டைப்-சி துளைகள் எல்லாமே படத்தை வெளியே அனுப்புவதில்லை. துளையின் அருகில் மின்னல் குறியோ, ‘டி’யும் ‘பி’யும் பிணைந்த டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் அனுப்பும். குறி இல்லையென்றால் மாதிரி எண்ணைப் பார்த்து விவரக் குறிப்பில் தேடச் சொல்லுங்கள். ஹப்பின் எச்.டி.எம்.ஐ. துளையும் இதே வசதியை நம்பித்தான் வேலை செய்கிறது என்பதால், ஹப் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு என்று தனியாக வாங்கினால், அது ஒருவழிப் பாதை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு கருவி, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வி.ஜி.ஏ. ஒலியைக் கொண்டுபோகாது, ஆகவே ஒலிபெருக்கியை ஹெட்போன் துளையில் இணைக்க வேண்டும். படைப்புக்கு முதல் நாளே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். திரையில் ஒன்றும் வராவிட்டால் விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டிலும் ஒரே படம் தெரியும்படி தேர்ந்தெடுங்கள்.

சார்ஜர் பிளக் நுழையாததற்குக் காரணம் எளிது. சிங்கப்பூரில் இங்கிலாந்து முறையிலான மூன்று தட்டையான கால்கள், நம்முடையவை உருண்டையானவை. சார்ஜர் பெட்டியின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் நம் 230 வோல்ட் அதற்குப் பொருந்தும். சுவரிலிருந்து பெட்டிவரை வரும் கம்பி தனியாகக் கழல்வதாக இருந்தால், அந்தக் கம்பியை மட்டும் நம் ஊர் மூன்று ஊசிப் பவர் கார்டாக மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்று பிளக் வைத்துத் தொங்கவிடுவதைவிட அது நல்லது. உலோக உடல் கொண்ட மடிக்கணினியாக இருந்து, அறையில் எர்த் இணைப்பு இல்லாமல் இருந்தால், ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்று தொடும்போது விரலில் சுருசுருவென்று ஓர் உணர்வு வரும். அது சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம். ஆனாலும் பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று மின்பணியாளரை ஒருமுறை பார்க்கச் சொல்வது அவசியம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: சிறிய மடிக்கணினிகளில் வலப்பக்க எண் விசைகள் இருப்பதில்லை. நாள் முழுவதும் தொகை அடிப்பவருக்கு அது கைவலியைத் தரும். யூ.எஸ்.பி. எண்பலகை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியிலிருந்து சேர்க்கக்கூடியவை. திரும்பச் சேர்க்க முடியாதவை உள்ளே இருக்கின்றன, என் கவலையெல்லாம் அவற்றைப் பற்றித்தான். உங்கள் பழைய மடிக்கணினியின் மின்கலத்தைத் தாழ்ப்பாளை நகர்த்திக் கையால் கழற்றினீர்கள். கணினியின் வேலை நினைவகமான ரேமைக் கூட்ட வேண்டும் என்று வந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இன்று பல மெல்லிய மாதிரிகளில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், வாங்கிய நாளில் இருந்த அளவே கடைசிவரை. உங்களுடையது 16 ஜிபி என்றால் நிம்மதியாக இருங்கள். 8 ஜிபியாக இருந்து, கூட்ட இடமும் இல்லாமல், மாற்றிக்கொள்ளும் கெடுவும் முடியாமல் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே மகனிடம் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். துளைகள் குறைவு என்பதற்காகத் திருப்ப வேண்டாம். எல்லாம் உள்ள பழைய மாதிரியை வாங்கினால் அதன் மின்கலமும் மென்பொருள் ஆதரவும் முன்கூட்டியே முடிந்துபோகும். எப்போதும் மேசையில் செருகியே வைப்பீர்கள் என்பதால், நிறுவனத்தின் மென்பொருளில் சார்ஜ் 80 விழுக்காட்டோடு நிற்கும்படி அமைத்துவிட்டால் மின்கலம் நெடுநாள் உழைக்கும், உப்பிக்கொள்ளும் வாய்ப்பும் குறையும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மகன் தன் மின்னஞ்சலைப் போட்டு இயக்கிக் கொடுத்தான் என்பது. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் உள்ளிருக்கும் சேமிப்பகம் முழுவதும் தானாகவே பூட்டப்படுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ, சில வேளைகளில் உள் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ, 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால், பழைய மடிக்கணினியில் செய்வதுபோல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் படிக்கும் வழி முழுவதுமாக அடைபட்டுவிடும். தேவகோட்டையிலிருந்து ஒருவர் இப்படி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். வாங்கித் தந்த உறவினர் அந்தக் கணக்கையே மூடிவிட்டிருந்தார். மூன்று ஆண்டுப் படங்களை என்னால் மீட்டுத் தர முடியவில்லை, அதை அவரிடம் சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. உங்களுடையதன் மீட்பு எண், பூட்டப்பட்டிருந்தால், இப்போது உங்கள் மகனின் கணக்கில் இருக்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மகன் பேசும்போது, அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதியைத் திறந்து அந்த 48 இலக்கங்களையும் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரேம் எத்தனை ஜிபி என்பதையும், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எண்ணை எழுதிய தாளை, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள்.